கடையை மூடுவது கூலி அல்ல

குறைந்தபட்ச ஊதியத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் திருவனந்தபுரம் பழவங்காடியிலும் அதை ஒட்டிய சாலைக் கடைத்தெருவிலும் ஒரே பேச்சுத்தான்: இனிச் சின்னக் கடைக்காரன் பிழைக்க முடியாது. நாளிதழின் வணிகப் பக்கமும் தொலைக்காட்சி விவாதமும் அதையே சொல்கின்றன. கூலி ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார், ஆள் குறைந்தால் வியாபாரம் படுக்கும், கடைசியில் யாருக்காகக் கூலியை ஏற்றினார்களோ அவர்களே வேலையில்லாமல் நிற்பார்கள் என்பது வாதம். படித்தவர்கள் நடுவில் இது ஏறக்குறைய இயற்கை விதியாகவே ஆகிவிட்டது. கேரளத்தில் இதற்குப் பக்கபலமாக இன்னொரு பழைய புலம்பலும் உண்டு. இங்கே கூலி அதிகம், அதனால்தான் எந்தத் தொழிலும் நிலைக்கவில்லை என்பார்கள்.

இந்த வாதம் தவறு என்பது என் கட்சி. சிறு கடைகளின் பெயரைச் சொல்லி வைக்கப்படுவதால் அது இன்னும் பெரிய தவறாகிறது. ஏனென்றால் கூலி குறைவாக இருக்கும் கடைத்தெருவில் முதலில் அடிபடுவது சிறு கடைதான்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். பழவங்காடி கணபதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஏத்தங்காய் வறுக்கும் கடைகளைத் தெரியாதவர் இந்த நகரத்தில் இருக்க மாட்டார்கள். காயைத் தோலுரித்து, எண்ணெய்ச் சட்டியின் மேலேயே சீவி விட்டு, வாங்க வந்தவர் கண்முன் அரித்தெடுத்துத் தருகிறார்கள். இந்தத் தொழிலின் பெரிய செலவுகள் ஏத்தங்காயும் தேங்காய் எண்ணெயும். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த ஆண்டு பல மாதங்கள் தொடர்ந்து, நாட்டிலேயே மிக அதிகமான சில்லறைப் பணவீக்கம் கேரளத்தில்தான் பதிவானது. செப்டம்பரில் அது 9 விழுக்காட்டைக் கடந்தது.

இப்போது ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு வறுவல் விற்றால் அதில் ஆள் சம்பளத்துக்கு 15 ரூபாயும் எண்ணெய்க்கு 30 ரூபாயும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பத்து விழுக்காடு உயர்ந்தால் கடைக்காரருக்குக் கூடுதல் செலவு ஒன்றரை ரூபாய். எண்ணெய் இரு மடங்கானால் கூடுதல் செலவு 30 ரூபாய். ஒன்றரை ரூபாய்க்குக் கடை மூடும் என்றால் முப்பது ரூபாய்க்குத் தெருவே காலியாகியிருக்க வேண்டும். நடந்தது அதுவா? விலையை ஏற்றினார்கள், பொட்டலத்தின் எடையைக் குறைத்தார்கள், சிலர் லாபத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். வாங்குகிறவர்களும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். எண்ணெய் வியாபாரி விலையை ஏற்றியபோது எந்தப் பொருளியல் அறிஞரும் தொலைக்காட்சியில் வந்து இது சிறு தொழிலின் சாவு என்று சொல்லவில்லை. அந்தச் சட்டியின் முன்னால் நாள் முழுக்க அனலில் நிற்பவருக்கு ஒன்றரை ரூபாய் கூட்டும்போது மட்டும்தான் சொல்கிறார்கள்.

அந்த ஒன்றரை ரூபாய்கூடப் பெரும்பாலும் புதிதாகக் கொடுப்பது இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி என்று இரண்டு பகுதிகள். பஞ்சப்படி விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டது. விலை ஏறிய பிறகுதான் அது ஏறும். அடிப்படைச் சம்பளத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தத் தவணையும் பல தொழில்களில் தவறியிருக்கிறது. ஆகவே 'உயர்வு' என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, அரிசியும் எண்ணெயும் பஸ் கட்டணமும் ஏற்கெனவே தின்றுவிட்ட சம்பளத்தைத் தாமதமாகத் திருப்பித் தருவது.

அடுத்து, யார் இந்தச் சின்னக் கடைக்காரர்? 2013-இல் எடுக்கப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள சுமார் 5 கோடியே 85 லட்சம் தொழில் நிறுவனங்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டில் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆள் ஒருவர்கூட இல்லை. புருஷன் கல்லாவில், மனைவி சரக்குக் கட்டுகிற இடத்தில், பள்ளி விட்டு வந்த மகன் பொட்டலம் மடிக்கிற இடத்தில். கணபதி கோயில் வாசலில் சிதறு தேங்காய்க்குக் காய் விற்பவரும், தோவாளையிலிருந்து வரும் பூவை முழம் போட்டு விற்கிற அம்மாவும், கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் கைக்குட்டை விற்பவரும் இந்தக் கணக்கில் வருகிறவர்கள். குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு ஏறினாலும் இவர்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது, ஏனென்றால் இவர்கள் யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை.

இவர்களுக்குப் போட்டி யார்? இதே தெருவில் ஐந்து மாடி கட்டி, நூற்றுக்கணக்கில் ஆள் வைத்து நடத்தும் துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும். குடும்பக் கடையின் பலம் சொந்த உழைப்பு. பெரிய கடையின் பலம் மலிவாகக் கிடைக்கும் பிறர் உழைப்பு. பக்கத்துப் பெரிய கடையில் நிற்கும் பெண்ணின் ஒரு நாள் உழைப்பு என்ன விலைக்குப் போகிறதோ, அந்த விலைதான் சின்னக் கடைக்காரர் தன் சொந்த உழைப்புக்கும் எடுக்க முடியும். அவள் கூலி குறைந்தால் அந்தக் கடை விலையைக் குறைக்கும். ஈடுகொடுக்க இவர் தன் குடும்பத்தின் வருமானத்தைக் குறைக்க வேண்டும். அவள் கூலி உயர்ந்தால் இவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஊதியச் சட்டம் சிறு கடைக்குக் காவல் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். ஊதியத் திருத்தக் குழுவின் முன்னால் சிறு கடைக்காரரின் கண்ணீரை எடுத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கடைக்காரர்கள் என்பதைக் கடைத்தெருவில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

அந்தப் பெரிய கடைகளில் நிற்பவர்கள் யார் என்பது தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான செய்தி இல்லை. 2020 ஜூலையில் நகரம் மும்மடங்கு ஊரடங்கில் கிடந்தபோது, பழவங்காடிக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள அட்டக்குளங்கரையில் ஒரு பெரிய கடையின் ஊழியர்கள் பலருக்குக் கொரோனா தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கி வேலை பார்த்தவர்கள். தொற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அத்தனை வேகமாகப் பரவியது நெருக்கியடித்துத் தங்கியதால். சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற தொழில் எங்கெல்லாம் மிச்சம் பிடிக்கும் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது. 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் சென்னை தி.நகரைப் பற்றியது என்றாலும், திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு திருவனந்தபுரத்திலும் இருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து வரும் காலைப் பாசஞ்சரில் குழித்துறையிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஏறுகிற பெண்களைப் பாருங்கள். ரயில் நிலையத்தில் இறங்கித் தம்பானூரிலிருந்து நடந்தே பழவங்காடி வந்துவிடுவார்கள். மாலை ரயிலைப் பிடித்தாக வேண்டும், வீட்டில் குழந்தையோ வயதான மாமியாரோ இருப்பார்கள். கொச்சியில் கூடுதல் சம்பளம் கிடைக்கும் என்றால் போய்விட முடியுமா? முடியாது. அவர்களால் நடந்து எட்டக்கூடிய கடைகள் இந்த நாலு தெருவுக்குள் இருப்பவைதான். அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான் தருகின்றன. கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார் சந்தைக் கூலியைப் பேரம் பேசி வாங்கிவிடுவார், அது சட்டக் கூலியைவிட அதிகமாகவே இருக்கும். கடையில் நிற்கும் பெண்ணுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான் நடைமுறையில் அதிகபட்சம். சட்டம் உயர்த்தாவிட்டால் அவளுக்கு உயர்வே கிடையாது.

பாடப்புத்தகம் சறுக்குவது இங்கேதான். ஒரே பொருளுக்கு ஆயிரம் பேர் போட்டி போடும் சந்தையில் விலையைச் செயற்கையாக ஏற்றினால் வாங்குவது குறையும். உழைப்பை வாங்குகிறவர்கள் நாலைந்து பேராகவும் விற்கிறவர்கள் வேறு வழியற்றவர்களாகவும் இருக்கும் சந்தையில், கூலி அதன் உண்மையான பெறுமானத்துக்குக் கீழேதான் கிடக்கும். அதைச் சட்டம் மேலே தூக்கினால் வேலை குறைந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியாவில் உயர்வு இல்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டு, நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளமே இல்லை என்று 1994-இல் எழுதினார்கள். அதன் மேல் எழுந்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் 'கூலி ஏறினால் வேலை போகும்' என்பதைக் கணக்கு வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் காலம் அன்றோடு முடிந்தது. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி முந்திரி. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. கொல்லத்து முந்திரி ஆலைகளுக்கு 1950-களில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டி, கூலி குறைந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போயின. கொல்லத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை நாட்கள் சுருங்கின. அந்த வேதனையைத் தணிக்கவே 1969-இல் கேரள அரசு முந்திரி வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் இதிலிருந்து பழவங்காடிக்கு என்ன பாடம்? முந்திரிக் கொட்டையை மார்த்தாண்டத்தில் உடைத்துக் கப்பலேற்றலாம். பழவங்காடியில் இட்லி தின்ன வருகிறவருக்கு மார்த்தாண்டத்தில் இட்லி போட முடியாது. முடிவெட்டும் கடையையும் மருந்துக்கடையையும் தையற்கடையையும் ஓட்டலையும் எல்லைக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. ஊர் மாறக்கூடிய தொழிலின் கதையைச் சொல்லி, ஊர் மாற முடியாத கடையின் ஊழியரை மிரட்டுகிறார்கள்.

முந்திரிக் கதையின் இரண்டாம் பாதியை அவர்கள் சொல்வதும் இல்லை. கன்னியாகுமரிக்கு வந்த ஆலைகளில் தோட்டு எண்ணெய் பட்டுக் கை கருகிய தமிழ்ப் பெண்களின் கூலி குறைவாகவே இருந்தது. அந்தக் குறைந்த கூலி அந்தத் தொழிலைக் காப்பாற்றியதா? 2000-களின் நடுவில் வியட்நாம், இயந்திரங்களின் துணையோடு, முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திவிட்டது. மலிவான கையை நம்பி இயந்திரத்தைத் தள்ளிப்போட்ட தொழிலை மலிவான கை காப்பாற்றவில்லை.

எல்லை தாண்டும் ஓட்டத்துக்கு மருந்து கேரளத்தில் கூலியைக் குறைப்பது இல்லை, அண்டை மாநிலங்களில் உயர்த்துவது. இந்திய அரசு அறிவித்த தேசியத் தரை ஊதியம் 2017-இல் நாளொன்றுக்கு 176 ரூபாய். அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு 2019-இல் அதை 375 ரூபாயாக்கச் சொன்னது. அதே ஆண்டு அரசு உயர்த்தியது இரண்டு ரூபாய், 178. சத்துணவுக் கணக்கும் வீட்டு வாடகையும் போட்டுப் பார்த்துச் சொன்ன தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள இந்தத் தூரத்தைப் பற்றித்தான் வணிகச் சங்கங்கள் கோபப்பட வேண்டும். தரை இவ்வளவு பள்ளத்தில் கிடப்பதால்தான் நியாயமாகச் சம்பளம் கொடுக்கும் கேரளக் கடைக்காரர் வெளியூர்ச் சரக்கோடு போட்டியில் தோற்கிறார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி எந்த மாநிலமும் தரை ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்தத் தரை எங்கே போடப்படும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'கொடுக்க முடியாது' என்ற வாதமும் புதிதல்ல. 1958-இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசு ஓட்டுத் தொழிலுக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தபோது, கோழிக்கோட்டுப் பக்கம் ஃபெரோக்கின் ஓட்டுத் தொழிற்சாலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். எங்களால் தாங்க முடியுமா என்று குழு பார்க்கவே இல்லை என்பது அவர்கள் குறை. உண்ணிச்சோயி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்ட அந்த வழக்கில் 1961-இல் தீர்ப்பு வந்தது: குறைந்தபட்ச ஊதியம் என்பது மனிதன் உயிரோடும் உழைக்கும் திறனோடும் இருப்பதற்கான கூலி, அதை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் சக்தி ஒரு பொருட்டே ஆகாது. நியாய ஊதியம், வாழ்க்கை ஊதியம் என்று மேலே போகும்போதுதான் அந்தக் கேள்வி எழும். கேரளத்திலிருந்து போன வழக்கு இந்தியா முழுமைக்கும் விதி வகுத்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தோற்ற வாதத்தைப் புதிது போலத் தூசு தட்டி எடுத்து வருகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். கேரளத்துக் கூலி என்றதும் வெளியூர்க்காரர்கள் நோக்குக்கூலியைப் பேசுகிறார்கள். வேலை செய்யாமல், பார்த்துக்கொண்டு நின்றதற்கே பணம் பறிக்கும் அந்த வழக்கம் சாலைக் கடைத்தெருவின் சரக்கு இறக்குமிடங்களில் வியாபாரிகளை வதைத்தது நிஜம். அதை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. 2018 மே முதல் அரசே தடை செய்தது. அது மிரட்டிப் பிடுங்கும் பணம். அதன் பழியைக் காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை கால்கடுக்க நிற்கும் விற்பனைப் பெண்ணின் தலையில் இறக்கக் கூடாது.

கால்கடுக்க என்பது வெறும் பேச்சு வழக்கும் இல்லை. கடைகளில் உட்காரும் உரிமை கேட்டுக் கோழிக்கோட்டில் விஜியும் அவர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பும் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018-இல்தான் கேரளத்தில் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது. நாற்காலி போட்டால் வியாபாரம் கெடும் என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. எந்தக் கடையும் நாற்காலியால் மூடவில்லை.

வாங்குகிறவர்களை மறந்துவிட்டுக் கடையைப் பற்றிப் பேசுவது எப்படி? பழவங்காடியின் வாடிக்கையாளர்கள் காரில் வருகிறவர்கள் அல்லர். கார் நிறுத்த இங்கே இடமே கிடையாது. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி வருகிறவர்கள் கொத்தனார்கள், வீட்டுவேலைப் பெண்கள், சுமைத் தொழிலாளர்கள், ஆட்டோக்காரர்கள், வேறு கடைகளின் ஊழியர்கள். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் விற்பனையை வைத்துத்தான் பல கடைகள் ஆண்டுக் கணக்கை நேர் செய்கின்றன. அந்த விற்பனையின் மூலதனம் தொழிலாளி கைக்கு வந்த போனசும் பண்டிகைப் படியும். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் கேரளக் கிராமத்துக் கட்டடத் தொழிலாளியின் நாள்கூலி 852 ரூபாய், நாட்டின் சராசரி 393. அதே ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கேரளக் கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 5,924 ரூபாய், நாட்டின் கிராமச் சராசரி 3,773. வளைகுடாப் பணமும் ஓய்வூதியமும் இதில் சேர்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் செலவழிக்கக் கையில் காசுள்ள தொழிலாளி இல்லாமல் இந்தக் கடைத்தெரு இந்த அளவில் இருந்திருக்காது. கூலி உயர்ந்தால் தொழில் அழியும் என்றால், இந்தியாவிலேயே கூலி மிகுந்த மாநிலத்துக்கு 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் எதைத் தேடி வந்தார்கள்? அந்த எண்ணிக்கை இதே நகரத்தில் இயங்கும் குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டது.

கேரளத்தைப் புகழ்ந்து முடிக்க நான் வரவில்லை. பழவங்காடியிலிருந்து எம்.ஜி. சாலையில் கொஞ்சம் நடந்தால் தலைமைச் செயலகம். 2025 பிப்ரவரி 10 முதல் ஆஷா பணியாளர்கள் அதன் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். தொழிலாளி என்ற பெயரையே கொடுக்காமல் தொண்டர் என்று வைத்து வேலை வாங்குவது அரசுக்கும் தெரியும். தான் கொடுக்காத கூலியைக் கடைக்காரரிடம் கேட்கும் அரசின் குரலுக்கு வலு குறையும்.

நிஜமாகவே நெருக்கடிக்கு ஆளாகும் சிறு முதலாளி ஒருவர் உண்டு. இரண்டு பேரோ ஐந்து பேரோ வைத்துத் தையற்கடை, அச்சகம், சிறு ஓட்டல் நடத்துகிறவர். 2015-இல் ஜெர்மனி மணிக்கு 8.50 யூரோ என்று குறைந்தபட்ச ஊதியம் கொண்டுவந்தபோது மொத்த வேலை குறையவில்லை. ஆனால் ஊழியர்கள் சிலர் மிகச் சிறிய நிறுவனங்களிலிருந்து சற்றுப் பெரிய, கூடுதலாகச் சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு மாறினார்கள் என்று ஆய்வு காட்டியது. ஊழியருக்கு அது நல்லது, அந்தச் சிறு முதலாளிக்கு அல்ல. அவருக்குக் கை கொடுக்கத்தான் வேண்டும். வட்டியில் சலுகை, ஊழியரின் சேமநல நிதியில் முதலாளி பங்கை முதல் சில ஆண்டுகள் அரசு ஏற்பது, மின் கட்டணத்தில் தனி விகிதம், கட்டட உரிமையாளர் நினைத்தபோதெல்லாம் வாடகையை ஏற்றாமல் இருக்கச் சட்டப் பாதுகாப்பு என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பழவங்காடியிலும் தம்பானூரிலும் ஒரு மழைக்கு வெள்ளம் கடைக்குள் வந்து சரக்கை நாசம் செய்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்து 2015-இல் கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்றத் தொடங்க வேண்டிய நிலை வந்தது. பணமதிப்பு நீக்கம், ஜி.எஸ்.டி., கொரோனா, இணைய வணிகம் என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் ஒன்றுகூட விற்பனைப் பெண்ணின் சம்பளச் சீட்டிலிருந்து வந்ததில்லை.

ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர். கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவின் சுமைகாரர்களையும் எடுபிடிகளையும் பார்த்துத் தமிழில் கதை எழுதியவர். கடைக்காரரின் கண்ணுக்குக் கூலிக்காரரின் வாழ்க்கை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது, இந்த ஊரில்.

அதனால் பழவங்காடியின், சாலையின் சிறு வியாபாரிகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த ஊதியத் திருத்தக் குழு கருத்துக் கேட்கும்போது, ஐந்து மாடிக் கடைக்காரர் எழுதித் தரும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகைக்கு வரம்பும், வடிகாலும், வட்டிச் சலுகையும், நாடு முழுவதற்கும் ஒரே உயர்ந்த தரை ஊதியமும் கேட்டு உங்கள் மனுவை நீங்களே எழுதுங்கள். அதில் உங்கள் கடையில் வேலை பார்க்கிறவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள்.